இமயமலைக் காசித்தும்பையைக் கேமரன் மலையில் வளர்க்கலாமா?

கொடிமலை அடிவாரம் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலைத்தாவரங்களைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், ஒரு முடிவு எடுப்பதற்கு முன்பாக உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

சென்ற ஆகஸ்டில் பத்ரிநாத் யாத்திரை போன எங்கள் குழுவில் சிலர், கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா வரை ஏறி, அங்கிருந்து ஹேம்குண்டத்தையும் மலர்ப் பள்ளத்தாக்கையும் பார்த்துத் திரும்பினோம். காங்கரியாவுக்குக் கீழே, மழைநீர் ஓடைகள் பாதையைக் குறுக்கிடும் இடங்களிலெல்லாம், ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு செடி இளஞ்சிவப்புப் பூக்களோடு கூட்டங்கூட்டமாக நின்றது. தண்டு செந்நிறம் பாய்ந்து, நீர் நிறைந்து, விரலால் அழுத்தினால் உள்ளே வெற்றிடம் என்று தெரியும்படி இருந்தது. பூவின் பின்பக்கம் ஒரு பை, அந்தப் பையின் நுனியில் உள்நோக்கி வளைந்த சிறிய வால். ஒரு பெரிய வண்டு அந்தப் பைக்குள் உடல் முழுவதும் மறையும்படி நுழைந்து, சற்று நேரத்தில் பின்னோக்கி நகர்ந்து வெளிவந்தபோது அதன் முதுகில் வெள்ளைப் பொடி ஒரு கோடாகப் படிந்திருந்தது. நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் இனந்தான் இது என்று உடன் வந்த வழிகாட்டி சொன்னார்.

என் சித்தப்பா குடும்பத்துக்குக் கேமரன் மலையின் ப்ரிஞ்சாங்கில் ஓடையை ஒட்டிய சிறு நிலம் இருக்கிறது. காய்கறிக்கு உதவாத ஈரமான ஓரப் பகுதி அது. இதன் விதையை இணையத்தில் விற்கிறார்கள். குளிர், ஈரம், மலை என்று மூன்றும் அங்கே இருப்பதால், அந்த ஓரம் முழுவதையும் இந்தப் பூவால் நிரப்பலாம் என்று ஆசைப்படுகிறேன். கேமரன் மலையில் யாராவது வளர்த்துப் பார்த்திருக்கிறீர்களா?

மழைக்காட்டு வாசகி (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் பார்த்தது எந்தச் செடி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்தப் பகுதியில் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் இரண்டு உயரமான காசித்தும்பைகள் வளர்கின்றன. மலர்ப் பள்ளத்தாக்குக்குள் பெரும் பரப்பில் நிற்பது பெரும்பாலும் இம்பேஷன்ஸ் சல்காட்டா (இம்பேஷன்ஸ் என்பது காசித்தும்பைப் பேரினத்தின் அறிவியல் பெயர்). உலகம் முழுவதும் ‘இமயமலைக் காசித்தும்பை’ என்று பேசப்படுவது இம்பேஷன்ஸ் கிளாண்டுலிஃபெரா. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே உள்ளீடற்ற தண்டு. காயைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சல்காட்டாவின் காய் மெலிந்து நீண்டிருக்கும், கிளாண்டுலிஃபெராவின் காய் குட்டையாக, நுனி பருத்து, தலைகீழாகத் தொங்கும். உங்கள் படங்களில் காய் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஹிந்தியில் ‘புக்யால்’ எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளையும், அவற்றுக்குக் கீழே ஓடைக்கரைகளில் உள்ள ஈரமான புல்வெளிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளாண்டுலிஃபெரா காஷ்மீரிலிருந்து உத்தராகண்ட் வரையிலான மேற்கு இமயத்தில், ஏறத்தாழ 1,800 மீட்டரிலிருந்து 3,200 மீட்டர் வரை, ஓடையோரத்திலும் காட்டோரப் புல்வெளியிலும் வாழ்வது. ஓராண்டுச் செடிகளில் இவ்வளவு உயரம் போகக்கூடியவை மிகக் குறைவு. விதையிலிருந்து தொடங்கி ஒரே கோடையில் இரண்டரை மீட்டரை எட்டிவிடும்.

வண்டின் முதுகில் நீங்கள் கண்ட வெள்ளைக் கோடு மிக அழகான ஓர் அமைப்பின் விளைவு. இந்தப் பூவில் மகரந்தப் பைகள் ஐந்தும் ஒன்றாக இணைந்து, பூவாயிலின் மேற்கூரையில் ஒரு தொப்பியாகச் சூலகமுடியை (மகரந்தத்தை ஏற்கும் பெண்பகுதியின் நுனியை) மூடியிருக்கும். வண்டு தேனைத் தேடி உள்ளே நுழையும்போது முதுகு அந்தத் தொப்பியில் உரசி மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும். மகரந்தம் தீர்ந்ததும் தொப்பி தானாகக் கழன்று விழ, அதே இடத்தில் சூலகமுடி வெளிப்படும். அடுத்து வரும் வண்டின் முதுகு அதில் உரசும். ஒரே இடம் முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வேலை செய்வதால், ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது பெருமளவு தவிர்க்கப்படுகிறது. உங்கள் வீட்டுக் காசித்தும்பையிலும் இதை ஓர் உருப்பெருக்கியால் பார்க்கலாம்.

கொடிமலை அடிவாரம் எழுதியது:

மிக்க நன்றி அம்மா. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காங்கரியாவுக்குக் கீழே எடுத்த படங்களில் காய் குட்டையாகவும் நுனி தடித்தும் தொங்குகிறது. பள்ளத்தாக்குக்குள் எடுத்தவற்றில் காய் மெலிந்து நீண்டிருக்கிறது. ஆக இரண்டையும் பார்த்திருக்கிறோம். விதை விற்பவர் எழுதியிருப்பது கிளாண்டுலிஃபெரா என்றுதான்.

ஆற்றோரம் (பெட்டாலிங் ஜெயா) எழுதியது:

அண்ணா, வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் மான்செஸ்டரில் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் ஆற்றங்கரைகளில் இந்தச் செடியைப் பிடுங்கும் தன்னார்வலர்களுடன் சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். கரையின் இருபுறமும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, வேறு எந்தச் செடிக்கும் இடம் வைக்காமல் இது ஒன்றே நிற்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் அழகாகத் தோன்றாது.

பிடுங்குவது எளிது. இவ்வளவு உயரமான செடிக்கு வேர் மிக மேலோட்டமாகத்தான் ஓடுகிறது, ஒரு கையால் இழுத்தாலே வந்துவிடும். தண்டை மட்டும் வெட்டுவதானால் அடிக்கணுவுக்கும் கீழே வெட்ட வேண்டும். ஒரு கணு மிஞ்சினாலும் அதிலிருந்து கிளைத்துப் பூத்துவிடும். ஈரமான தரையில் போட்டால் கணுக்களில் வேர் விடும் என்பதால், பிடுங்கியவற்றைத் தண்டு நசுங்கும்படி மிதித்து, காய்ந்த மேட்டில் குவித்து வைப்போம். எல்லாவற்றையும் காய் முற்றுவதற்கு முன்பு முடித்தாக வேண்டும். முற்றிய காயைத் தொட்டால் ஐந்து ஓடுகளும் நொடியில் சுருண்டு விதையை ஏழு மீட்டர் தூரம் வரை எறியும். ஒரு செடியில் 800 விதை வரை உண்டாகலாம். அவை ஓடையில் விழுந்தால் நீரோட்டம் கொண்டுபோய் அடுத்த ஊரில் சேர்க்கும். அதனால்தான் எப்போதும் ஆற்றின் மேல்முனையிலிருந்து தொடங்கிக் கீழே வருவார்கள். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு உழைப்பு அத்தனையும் வீண்.

குளிர்காலம் வந்ததும் முதல் உறைபனியில் செடிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அழுகிச் சாய்ந்துவிடும். பல்லாண்டுப் புற்கள் ஏற்கெனவே நிழலில் மடிந்துபோயிருப்பதால், கரை வெறும் மண்ணாக நிற்கும். வெள்ளம் வரும்போது அந்த மண் ஆற்றோடு போய்விடும். இங்கிலாந்தில் 2010 முதல் இதைக் காட்டுப்புறத்தில் நடுவது சட்டப்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியமும் 2017-இல் தன் அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

தேனடை (பாலிக் புலாவ், பினாங்கு) எழுதியது:

தேனீ வளர்ப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் இந்தப் பூவை வேண்டுமென்றே விதைத்த தேனீ வளர்ப்பாளர்கள் இருந்தார்கள். மற்ற பூக்கள் ஓய்ந்துவிடும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இதுதான் கூட்டுக்குத் தேன் தருகிறது. தம்பி சொன்ன ஆற்றங்கரைகளில் தேனீக்கள் முதுகில் வெள்ளை பூசிக்கொண்டு கூடு திரும்புவதை அங்குள்ளவர்கள் மகிழ்ச்சியோடு எதிர்பார்க்கிறார்கள். நான் இங்கே கெலுலுட் (கொடுக்கில்லாத சிறு தேனீ) வளர்க்கிறேன், அதற்கு இந்தப் பூ பொருந்தாது என்பது தெரியும். ஆனால் கேமரன் மலையில் சாதாரண அடுக்குத் தேனீ வைத்திருப்பவர்களுக்குப் பூ என்பது வாழ்வாதாரம். அயல்நாட்டுச் செடி என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பழிப்பது சரியில்லை. நாம் சாப்பிடும் மிளகாய் எங்கிருந்து வந்தது? இந்த நாட்டுக்கு நம் முன்னோர்களை அழைத்துவந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

மழைக்காட்டு வாசகி எழுதியது:

தேனடை ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேன் மிகுதியாக இருப்பதே இந்தச் செடியின் சிக்கலும்கூட. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பூ ஒவ்வொன்றும் மணிக்குச் சராசரியாக 0.47 மில்லிகிராம் சர்க்கரை சுரப்பதாக அளந்தார்கள். அது அங்குள்ள சொந்த மண்ணின் பூக்களைவிட மிகப் பல மடங்கு அதிகம். அதன் அருகில் வளரும் ஸ்டாக்கிஸ் பலஸ்ட்ரிஸ் என்ற சதுப்புநிலச் செடிக்கு வண்டுகள் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதில் விதை பிடிப்பதும் கால் பங்கு குறைந்தது. ஒரு செடி மற்றொன்றின் வேருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியிடுவதை நாம் அறிவோம். இங்கே வண்டுகளையே விலைக்கு வாங்கிவிடுகிறது.

இதே செடி இமயத்தில் ஏன் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி. அங்கே அதன் தண்டையும் இலையையும் வேரையும் தின்னும் பூச்சிகள் பலவகை உண்டு. அதைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சை உண்டு. ஆடுமாடுகள் மேய்கின்றன. அதே உயரத்துக்கு வளரக்கூடிய மற்றச் செடிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அங்குள்ள மக்கள் விதையைப் பறித்துச் சாப்பிடுவதும் உண்டு. இத்தனை பேருக்கு நடுவில் அது பூத்து, தன் பங்குக்கு விதைத்து, ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரரைப்போல் இருந்துவருகிறது. சஹாரன்பூர் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1830-களில் அதற்குப் பெயரிட்டார். 1839-இல் விதை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போனது. 1855-லேயே தோட்டத்துக்கு வெளியே தானாக வளர்வதைப் பதிவுசெய்துவிட்டார்கள். கப்பலில் போனது விதை மட்டும். பூச்சியும் பூஞ்சையும் ஆடும் போகவில்லை.

அதனால்தான் விட்டுவந்த எதிரிகளில் ஒன்றைப் பின்னாலேயே அனுப்பினார்கள். ‘கேபி’ (CABI) என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு அமைப்பு (இதன் தென்கிழக்காசிய அலுவலகம் நம் செர்டாங்கில்தான் இருக்கிறது) 2006 முதல் இமய அடிவாரங்களில் தேடி, புக்சினியா கொமரோவி என்ற துருநோய்ப் பூஞ்சையின் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தது. மற்றச் செடிகளுக்குத் தீங்கு வருமா என்று பல ஆண்டுகள் அடைத்த கூடத்தில் சோதித்த பிறகு, 2014-இல் இங்கிலாந்தில் வெளியே விட்டார்கள். பலன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. இங்கிலாந்தில் உள்ள காசித்தும்பைகள் இமயத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தவை என்பதால், ஓரிடத்துப் பூஞ்சை வேறிடத்துச் செடியைத் தொற்ற மறுக்கிறது. நுழைய விடுவது ஒரு பொட்டலம் விதையின் வேலை. திருப்பி அனுப்புவது எத்தனை பேருடைய வாழ்நாள் வேலை என்று பாருங்கள்.

பால்மரக் காடு (சிகாம்புட், கோலாலம்பூர்) எழுதியது:

நான் பேராக்கில் தோட்டத்தில் பிறந்து, பிறகு செம்பனைத் தோட்டங்களில் மண்டோராக (மேற்பார்வையாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு குறைவு, ஆனால் களையோடு ஆயுள் முழுக்கப் பழகியிருக்கிறேன், ஆகையால் இரண்டு வார்த்தை எழுதுகிறேன்.

மைக்கேனியாக் கொடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அண்டை நாட்டில் ரப்பர் மரங்களுக்கிடையே நிலமூடியாக நட்டார்கள் என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் நட்டார்கள். எங்கள் தாய்மார்கள் அதைப் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்தார்கள். ஒரு துண்டுக் கொடி ஈரமண்ணில் கிடந்தால் போதும், ஒவ்வொரு கணுவிலும் வேர் இறக்கி, இளங்கன்றின் தலைவரை ஏறிவிடும்.

அதே வேளையில் இன்னோர் உதாரணமும் சொல்கிறேன். இன்று செம்பனைத் தோட்டங்களில் பரவலாக நிலமூடியாக இருக்கும் முக்குனா பிராக்டியாட்டா வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்த அவரைக்கொடி. அங்கே மலைக்குளிரில் பூத்துக் காய்க்கிறது. நம் சமவெளித் தோட்டங்களில் காய்ப்பதில்லை, ஆகையால் விதையை வரவழைக்க வேண்டும் அல்லது தண்டை வெட்டி நட வேண்டும். ஒரு செடி வந்த இடத்தில் அடங்கி நிற்பதற்கும் தலைக்குமேல் ஏறுவதற்கும் அதன் குணம் மட்டும் காரணமில்லை. அதற்கு வேண்டிய குளிரும் வெயிலும் கிடைக்கிறதா என்பதும் காரணம். ரப்பரும் அப்படித்தான். 1877-இல் கியூவிலிருந்து கன்றுகள் வந்தன. நாம் நடாமல் அது காட்டைப் பிடிக்கவில்லை. ஆகவே தேனடை கேட்ட கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ரப்பருக்குப் பொருந்தியது இந்தக் காசித்தும்பைக்கும் பொருந்தும் என்று நம்பி ஓடைக்கரையில் நடவும் கூடாது.

கொடிமலை அடிவாரம் எழுதியது:

பெரியவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். நான் படித்தவரை, இந்த விதை முளைக்க வேண்டுமானால் ஈரத்தில் பல வாரங்கள் ஏறத்தாழ நான்கு ஐந்து டிகிரிக் குளிரில் கிடக்க வேண்டும். கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் இரவில்கூட வெப்பம் பதினைந்து டிகிரிக்கு அருகில்தான் நிற்கிறது, உறைபனி என்பதே கிடையாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்த விதை முளைக்கும். அது உதிர்க்கும் விதை முளைக்காது. விதையும் மண்ணில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான் உயிரோடு இருக்கும். அப்படியானால் இங்கிலாந்தில் நடந்தது ப்ரிஞ்சாங்கில் நடக்க வழியில்லையே? ஆண்டுதோறும் நானே விதைத்தால் மட்டும் வரும் செடியைக் கண்டு இவ்வளவு அஞ்ச வேண்டுமா?

ரிங்லட் மகள் (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

ஐயா, நான் ரிங்லட்டில் பிறந்து வளர்ந்தவள். என் பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். உங்கள் கேள்வி நியாயமானது. எனக்கும் செடியியல் தெரியாது. எங்கள் ஓடைகளைத் தெரியும், அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேமரன் மலையின் சரிவுகளில் மண் நிற்பதில்லை. காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டிய சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சிவந்த நீர் இறங்கி, பெர்த்தாம் ஆற்றின் வழியாக ரிங்லட் ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. 1960-களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அது. சேறு சேர்ந்து சேர்ந்து அதன் கொள்ளளவு மிகவும் குறைந்துவிட்டது. 2013 அக்டோபரில் நீரைத் திறந்துவிட்ட இரவில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. எங்கள் ஊரில் ஓடைக்கரை என்றால் இந்த நினைவு வராமல் இருக்காது. அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டிருப்பவை பெரணிகளும் காட்டு இஞ்சியும் கோரையும். அவற்றை நீக்கிவிட்டு, ஆழ வேரில்லாத, ஒரு பருவத்தில் பூத்து மடியும் செடியை நீங்கள் ஓரம் முழுவதும் நட்டால், விதை அடுத்த ஆண்டு முளைக்கிறதோ இல்லையோ, செடி மடிந்த பிறகு வரும் மழைக்குக் கரை வெறுமையாகத்தான் நிற்கும். ஆற்றோரம் சொன்ன அழிவுக்கு விதை பரவ வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. இந்த இனத்துச் செடிக்கு எங்கள் மலை ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. சாலையோரச் சரிவுகளில், சாக்கடை ஓரங்களில், சிவப்பும் வெள்ளையும் ஆரஞ்சுமாகத் தானாக வளர்ந்து நிற்கும் தட்டைப்பூக் காசித்தும்பையைச் சுற்றுலா வருபவர்கள் மலைப்பூ என்று படம் எடுத்துப் போகிறார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொட்டிச் செடியாக வந்தது. யாரும் அதைச் சாலையோரத்தில் விதைக்கவில்லை.

மழைக்காட்டு வாசகி எழுதியது:

கொடிமலை ஐயா, விதைக்குக் குளிர் தேவை என்று நீங்கள் சொன்னது சரி. முளைப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் கேமரன் மலையில் அது நிலைபெறுவது கடினம். ஆனாலும் என் மறுப்பு மாறவில்லை.

விதை பொட்டலத்தில் வருகிறது என்பதால் விதை மட்டும் வருகிறது என்று கொள்ள முடியாது. விதையோடு நோய் வரலாம், பெயர் மாறி வேறு செடி வரலாம். அதற்காகத்தான் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நடவு விதை வரவழைப்பதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். இணையக் கடைகள் பல இதைச் சொல்லாமலே அனுப்பிவைக்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நீங்கள் இமயத்தில் கண்டது ஒரு செடியை மட்டுமா? உங்கள் முதல் பதிவை மீண்டும் படித்துப் பார்த்தேன். மழை, ஓடை, வண்டு, பாதை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் புல்வெளி ஆண்டில் பாதி பனிக்கு அடியில் கிடக்கிறது. பனி உருகிய நீர்தான் விதையை எழுப்புகிறது. பருவமழை அதை ஆளுயரத்துக்கு வளர்க்கிறது. ஆகஸ்டில் பூத்து அக்டோபருக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறது. ப்ரிஞ்சாங்கில் உங்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது. குளிர்பதனப் பெட்டியில் எழுப்பிய ஒரு வரிசைச் செடி கிடைக்கும்.

அந்தப் புல்வெளியே எவ்வளவு நுட்பமான சமநிலையில் இருக்கிறது என்பதற்கு மலர்ப் பள்ளத்தாக்கே சாட்சி. 1931-இல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற மலையேறுபவர் வழிதவறி இறங்கியபோது கண்டு வெளியுலகுக்குச் சொன்ன இடம் அது. 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2005-இல் நந்தா தேவி தேசியப் பூங்காவோடு சேர்ந்து உலக மரபுரிமைத் தலமாயிற்று. பூங்கா ஆனதும் மேய்ச்சலை நிறுத்தினார்கள். பூக்கள் பெருகும் என்று எதிர்பார்த்த இடத்தில், பாலிகோனம் என்ற உயரமான செடி பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. அதுவும் அந்த மலைக்கே சொந்தமான செடிதான். மேய்ச்சல்காரர்களை வெளியேற்றியதுதான் காரணம் என்பவர்களும், மேய்ச்சல் இருந்திருந்தால் அரிய பூக்கள் அழிந்திருக்கும் என்பவர்களும் இன்றும் வாதிடுகிறார்கள். வனத்துறை ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பாலிகோனத்தைப் பிடுங்குகிறது. சொந்த ஊரிலேயே ஒரு கண்ணி அறுந்தால் இப்படியென்றால், வேற்று மலையில் எதை நம்பி நடுவது?

தமிழ்நாட்டு மலைகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளை ஒட்டியிருந்த புல்வெளிகளைத் தரிசு என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காக ‘வாட்டில்’ எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரத்தை நட்டார்கள். குறிஞ்சி பூக்கும் சரிவுகள் எவ்வளவோ சீகைக்குள் மறைந்துபோயின. புல்வெளியைக் காலியிடம் என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. உங்கள் சித்தப்பா நிலத்தின் ஈரமான ஓரமும் காலியிடம் இல்லை என்பதை ரிங்லட் சகோதரி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

தேனடை எழுதியது:

சட்டம் பற்றியும் கரை பற்றியும் சொன்னதை ஏற்கிறேன். ஓடையோரத்தில் வேண்டாம். ஆனால் அனுமதி பெற்று, ஓடையிலிருந்து விலகிய இடத்தில், தொட்டியில் வளர்த்துக் காய் பிடிக்கும் முன் கிள்ளிவிடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஒன்றில் அம்மாவோடு எனக்கு உடன்பாடில்லை. பூவை அருகில் வைத்துப் பார்க்காத பிள்ளைக்கு வண்டின் முதுகில் மகரந்தம் ஏறும் அந்த அமைப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மழைக்காட்டு வாசகி எழுதியது:

அதற்கு இமயம் வரை போக வேண்டாம் ஐயா. முற்றத்துக் காசித்தும்பையில் அதே தொப்பி, அதே பை, அதே வெடிக்கும் காய் எல்லாம் உண்டு. கோலாலம்பூர் வெயிலிலும் பினாங்கு வெயிலிலும் நன்றாக வளரும். அதைவிடச் சிறந்த ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உள்ளன. அவற்றுள் சில இந்தத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. லங்காவியின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் இம்பேஷன்ஸ் மிராபிலிஸ் சதைப்பற்றான தடித்த அடிமரத்தோடு ஒரு சிறு மரமாகவே நிற்கும். கேமரன் மலைக்காட்டின் ஈரமான நிழலில் இம்பேஷன்ஸ் ஆன்சிடியாய்டிஸ் என்ற மஞ்சள் பூ இருக்கிறது. ஆன்சிடியம் என்ற ஆர்க்கிட்டை ஒத்த பூ என்பதால் அந்தப் பெயர். கேமரன் மலைக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்?

கொடிமலை அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. விதை வாங்கப் போவதில்லை. முளைக்காது என்ற வாதம் எனக்கு இன்னும் வலுவாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கரையைப் பற்றி ரிங்லட் சகோதரி எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஓரத்தில் உள்ள பெரணியையும் கோரையையும் வெட்ட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவரும் அந்தப் பக்கம் மண்வெட்டியே போடுவதில்லை என்றார். தேனடை அண்ணன் சொன்ன தொட்டி யோசனையையும் விட்டுவிடுகிறேன். சமவெளியில் இருந்துகொண்டு மலையில் உள்ள தொட்டியின் காயைக் கிள்ள என்னால் முடியாது.

ஆன்சிடியாய்டிஸ் பூவை எங்கே, எப்போது பார்க்கலாம்? ஓரத்தில் அதை நடலாமா?

ரிங்லட் மகள் எழுதியது:

பெயர் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். மஞ்சள் பூவைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வெயில் விழும் சாலையோரத்தில் தேடாதீர்கள், அங்கே இருப்பது ஆப்பிரிக்கச் செடி. ப்ரிஞ்சாங் மலைக்கு ஏறும் வழியிலும் காட்டுப்பாதைகளிலும், நீர் கசியும் சரிவில், நிழலில், இலைக்குப்பை ஊறிக் கறுத்துக் கிடக்கும் இடத்தில் பாருங்கள். மழைக்கு மறுநாள் காலை போனால் நல்லது, ஆனால் அட்டை இருக்கும்.

அதைப் பிடுங்கி வந்து நடுவதைப் பற்றி நினைக்க வேண்டாம். வனக்காப்பில் உள்ள காட்டிலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அது நிழலும் ஓயாத ஈரமும் உள்ள காட்டுத் தரையில் வளர்வது. திறந்த காய்கறி நிலத்தின் ஓரத்தில் வெயில் பட்டதும் துவண்டுவிடும். உங்கள் சித்தப்பா நிலத்துக்கு மேலே காடு தொடுகிறது என்றால், அந்த எல்லையில் மரங்களை வெட்டாமல் விட்டுவைத்து, உரநீர் அந்தப் பக்கம் வடியாதபடி வாய்க்காலைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். ஓடையின் மேல்பகுதியில் அந்தப் பூ இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பார்த்து, படம் எடுத்து இங்கே போடுங்கள். காய் தெரியும்படி எடுங்கள், அம்மா சரிபார்த்துச் சொல்வார்.